இரு நாட்டு ஊஞ்சலுக்கு ஆள் போட்ட வாரம்

போன மாதம் ஒரு மதியம், சோற்றைப் பிசைந்து வாயில் வைக்கிற நேரம் பார்த்து போன் வந்தது. நான் வேலை பார்த்த ஆய்வு நிலையத்தில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண். அடுத்த வருஷம் வேறொரு நாட்டோடு சேர்ந்து அறிவியல், கலை, புதுமை என்று ஒரு வாரம் பொதுமக்களுக்கு நிகழ்ச்சி நடத்தப் போகிறார்களாம். "மேடம், பின்லாந்து வாரத்தை நீங்கதான் நடத்துனீங்களாமே, ஏதாச்சும் அட்வைஸ் குடுங்க" என்றாள்.

"ஊஞ்சல் மட்டும் வேணாம்னு சொல்லிரும்மா" என்றேன்.

"எந்த ஊஞ்சல் மேடம்?"

அட கர்த்தரே! அதுகூடத் தெரியாமலா அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள்? போனில் சொல்லி முடிகிற சங்கதியா அது? கை வேறு காய்ந்துகொண்டிருந்தது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். சொன்ன பாவத்துக்கு எழுதுகிறேன்.

நான் காரைக்குடியில் தட்டச்சராகச் சேர்ந்தவள். அப்பா வாத்தியார், அம்மா வாத்தியார், வீட்டில் எல்லாரும் சத்தமாகத்தான் பேசுவோம். அந்த ஒரு தகுதிக்காகவே என்னை நிகழ்ச்சிப் பிரிவுக்கு மாற்றினார்கள் என்று நினைக்கிறேன். மைக் நின்றுபோனால் ஸ்டெல்லா இருக்கிறாள் என்ற தைரியம். நாற்காலி போடவும், பெயர்ப்பலகை வைக்கவும், மாலைக்காரனோடு சண்டை போடவும் கற்றுக்கொள்வதற்குள் தலை நரைத்துவிட்டது. வெளிநாட்டு விருந்தாளிகளைப் பற்றி நான் கற்றது ஒன்றே ஒன்றுதான். ஒருமுறை ஒரு ஜெர்மன்காரருக்குப் பொன்னாடை போர்த்தினோம். அதைக் கழற்றலாம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அந்த மனிதர் சித்திரை வெயிலில் அதைப் போர்த்தியபடியே ஆய்வுக்கூடம் பார்த்தார், சாப்பிட்டார், கோவிலுக்குப் போனார், அப்படியே விமானமும் ஏறினார். மாட்டிவிட நமக்குத் தெரியும், எடுத்துவிடத் தெரியாது.

எங்கள் டைரக்டர் தண்டபாணி சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நல்ல மனிதர், பெரிய விஞ்ஞானி. ஆனால் அவருக்கு ஒத்திகைப் பைத்தியம். எந்த விழாவானாலும் மூன்று ஒத்திகை. தலைமை விருந்தினர் காரிலிருந்து இறங்குவது, கைகூப்புவது, குத்துவிளக்கில் முதல் திரியை ஏற்றுவது, இரண்டாவது திரி அணைந்தால் யார் தீப்பெட்டி நீட்டுவது என்று எல்லாவற்றுக்கும். கைதட்டலுக்குக்கூட ஒத்திகை உண்டு. "இன்னும் கொஞ்சம் மனசார" என்பார். நாங்கள் மனசாரத் தட்டுவோம். ஒத்திகையில் தலைமை விருந்தினராக நடிப்பவர் எங்கள் டிரைவர் பாண்டி, திருப்பத்தூர்க்காரர். நாளாக ஆக, காரிலிருந்து அவர் இறங்குகிற தோரணை உண்மையான விருந்தினர்களுக்கே வராது. ஒரு தடவை அவருக்குக் காபி ஆறிப்போயிருந்தது என்று என்னைக் கூப்பிட்டுக் கண்டித்தார். நானும் "மன்னிக்கணும் சார்" என்றேன், பழக்கதோஷம். அப்புறம்தான் உறைத்தது, இது நம்ம பாண்டி.

டைரக்டருக்கு இன்னொரு பழக்கம். நாம் பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். தூங்கிவிட்டார் என்று நாம் எழுந்தால் கண்ணைத் திறக்காமலே "அப்புறம்?" என்பார்.

பின்லாந்துக்கும் நமக்கும் சேர்த்து ஒரு வாரம் என்று முடிவானபோது, அங்கிருந்து ஐனோ என்ற ஒரு பெண் சிற்பக் கலைஞர் வந்தார். வெள்ளைத் தலைமுடி, நெட்டை உருவம், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயப்படுகிறவர் போல அவ்வளவு குறைவாகப் பேசுவார். அவர் நினைத்து வைத்திருந்தது ஓர் ஊஞ்சல். காரைக்குடியில் ஒன்று, பின்லாந்தில் ஒரு நூலகக் கூடத்தில் ஒன்று. இரண்டும் ஒரே அளவு. இங்கே ஒருவர் உட்கார்ந்து ஆடினால் அங்கே இருக்கிற பலகை அதே மாதிரி ஆடும். அங்கே ஆடினால் இங்கே ஆடும். பேச்சு இல்லை, திரை இல்லை, முகம் இல்லை. வேறொரு நாட்டில் முன்பின் தெரியாத யாரோ நம்மை ஆட்டுகிறார்கள் என்று உடம்புக்கு மட்டும் தெரியும். இதுதான் கலை.

அறிவியல், எங்கள் நிலையத்தில் திட்ட விஞ்ஞானியாக இருந்த மீனாளுடையது. பலகையின் அடியில் அசைவை அளக்கிற கருவி, மேலே உத்தரத்தில் ஒரு மோட்டார், நடுவில் இணையம். சின்னப் பெண், கெட்டிக்காரி. காட்சிக்கென்று புதிதாக ஊஞ்சல் செய்து மாட்டுவதை ஐனோ விரும்பவில்லை, ஒரு வீட்டில் நிஜமாகவே தொங்குகிற ஊஞ்சல்தான் வேண்டும் என்றார். மீனாள் கையைத் தூக்கினாள். "எங்க வீட்டுல இருக்கு மேடம்."

அவர்களுடையது செட்டியார் வீடு. இந்தத் தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில் வெளியே வரலாம். அவ்வளவு பெரிய வீட்டில் இருந்தது மீனாளும் அவள் தாயார் உமையாள் ஆச்சியும் மட்டும். அப்பச்சி, அதாவது மீனாளின் அப்பா, இறந்து பல வருஷம் ஆகிறது. மற்ற பங்காளிகள் எல்லாம் வெளியூர், அவரவர் அறைகளைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். விசேஷம் என்றால் வருவார்கள், பூட்டைத் திறப்பார்கள், சாப்பிடுவார்கள், பூட்டிக்கொண்டு போவார்கள்.

இதில் மீனாளுக்கு ஒரு பெரிய விஷயம் இருந்தது. ஊஞ்சல் அந்த ஒரு வாரமும் தடங்கல் இல்லாமல் ஓடினால், ஐனோவின் பல்கலைக்கழகம் அந்த ஆராய்ச்சியைத் தொடரும், மீனாள் இரண்டு வருஷம் அங்கே போய் வேலை செய்யலாம். நடுவில் நின்றுபோனால் அதோடு சரி. இதை அவள் என்னிடம் சொன்னபோது கண் மின்னியது. ஆச்சியிடமும் சொல்லியிருந்தாள். ஆச்சி "அப்படியா" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கடலையை உடைக்கப் போய்விட்டாராம்.

முதல் சோதனைக்கு நாங்கள் எல்லாரும் அந்த வீட்டு முன்கூடத்தில் நின்றோம். நல்ல தேக்குப் பலகை, பித்தளைச் சங்கிலி. பின்லாந்தில் மிக்கோ என்ற நூலகர் உட்காருவதாக ஏற்பாடு. மீனாள் போனில் "ம்" என்றாள். அவ்வளவுதான். ஒருவருமே தொடாத பலகை மெல்ல முன்னால் போனது, பின்னால் வந்தது. பிறகு நன்றாக வீசி ஆட ஆரம்பித்தது. சங்கிலி கிறீச் கிறீச் என்றது.

டைரக்டர் கைதட்டினார். ஐனோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் என்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டேன். உமையாள் ஆச்சி காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நிப்பாட்டு" என்றார்.

"என்ன ஆத்தா?"

"நிப்பாட்டுன்னு சொல்றேன்ல! ஆளில்லாத ஊஞ்சல் ஆடக் கூடாது. வீட்டுக்கு ஆகாது."

"ஆளு இருக்காக ஆத்தா. பின்லாந்துல உக்காந்திருக்காக."

"பின்லாந்துல இருந்தா எனக்கென்ன? இங்குட்டு யாரு இருக்கா? இந்த வீட்டுல மிச்சம் இருக்கறது நீயும் நானும். வெறும் ஊஞ்சலை ஆட விட்டு, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, ஒன் பின்லாந்தா வந்து நிக்கும்?"

எங்கள் வீட்டில் ஊஞ்சலே கிடையாது, எனக்கு அந்த நம்பிக்கையும் இல்லை. ஆனாலும் அந்தப் பலகை தன்பாட்டுக்குப் போய்வந்ததைப் பார்த்த பிறகு, ஆச்சியிடம் வாதாட எனக்கு நாக்கு எழவில்லை. மீனாள் மோட்டாரை நிறுத்தினாள். அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. வேறு வீடு தேட நாளும் இல்லை. ஆச்சி கறாராகச் சொல்லிவிட்டார், இந்த ஊஞ்சல் ஒரு தடவை வெறுமனே ஆடினால்கூட ஆசாரியை வரச் சொல்லிச் சங்கிலியைக் கழற்றிவிடுவேன் என்று.

டைரக்டர் நின்றபடியே கண்ணை மூடினார். பிறகு கண்ணைத் திறந்து, "ஆளில்லாம ஆடக் கூடாது, அவ்வளவுதானே ஆச்சி? அப்ப ஆளைப் போட்டுருவோம்" என்றார்.

சிரிக்காதீர்கள். அரசாங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆள் போடுவது என்றால் சும்மா இல்லை. அன்று சாயங்காலமே என்னை உட்கார வைத்து உத்தரவு தயாரித்தார். தலைப்பு, 'ஊஞ்சலில் அமர்வோர் முறைப்பணி'. பின்லாந்து நூலகம் திறந்திருக்கிற நேரம் நமக்கு மதியச் சாப்பாட்டிலிருந்து இரவுச் சாப்பாடு வரை. அந்த நேரம் முழுக்கப் பலகையில் ஓர் ஊழியர் இருக்க வேண்டும். செருப்பு கூடாது. காலை ஊன்றித் தள்ளக் கூடாது. வெற்றிலை கூடாது. எழுந்து போக வேண்டுமானால், அடுத்தவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் முதல் ஆள் எழ வேண்டும். "பொறுப்பு ஒப்படைத்தேன்" என்று இவர் சொல்ல வேண்டும், "பெற்றுக்கொண்டேன்" என்று அவர் சொல்ல வேண்டும்.

"சார், ஊஞ்சல்ல உக்கார்றதுக்கு இவ்வளவு வேணுமா?" என்று கேட்டேன்.

"ஸ்டெல்லா, நடுவுல ஒருத்தன் டீ குடிக்க எந்திரிச்சுப் போனான்னா அந்தப் பொண்ணோட வாழ்க்கை போச்சு. எழுதுங்க."

அது நியாயமாகத்தான் பட்டது. எழுதினேன். மூன்று ஒத்திகையும் நடந்தது. மூன்றிலும் முதலில் உட்கார்ந்தவர் பாண்டி.

ஐனோவிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் எனக்குக் கவலை. ஆள் இல்லாத பலகை தானாக ஆடுவதுதான் அந்த அம்மா கண்ட கனவே. டைரக்டர் ஆங்கிலத்தில் விளக்கினார். ஐனோ பேசவில்லை. மறுப்பு என்று நினைத்துக்கொண்டு டைரக்டர், ஊழியர்களுக்கு ஒரே நிறச் சீருடை தருகிறோம் என்றார். ஐனோ பேசவில்லை. சீருடை வேண்டாம் என்றார். அப்போதும் பேசவில்லை. ஆள் எண்ணிக்கையைக் குறைக்கிறோம் என்றார். நல்லவேளை, அதற்குள் ஐனோ "சரி" என்றுவிட்டார். முதல் கேள்விக்கே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார், பாவம். அவர்கள் ஊரில் யோசிக்கும்போது பேச மாட்டார்களாம். இங்கே நாங்கள் பேசி முடித்த பிறகுதான் யோசிப்போம்.

வாரம் தொடங்கியது. நிலையத்துக் கூடங்களில் கண்காட்சி, பள்ளிப் பிள்ளைகளுக்குச் செயல்முறை, பாட்டு என்று எல்லாம் நடந்தது. நான் ஊஞ்சலை விட்டு நகரவில்லை. ஜனங்கள் வந்து பார்த்தார்கள். அவர்கள் கண்டதெல்லாம், ஊஞ்சலில் ஓர் அரசாங்க ஊழியர் விறைப்பாக உட்கார்ந்து ஆடிக்கொண்டிருக்கிற காட்சி. "இதுல என்ன புதுமை?" என்று ஒருவர் கேட்டார். "இவரு ஆடலை, ஆட்டப்படுறாரு" என்று விளக்கினேன். "அது எங்களுக்கும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் மூத்த விஞ்ஞானி ஒருவர் தன் முறை வந்தபோது கட்டுரை ஒன்றைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள ஆள் கேட்டார். கேண்டீன் சரோஜா கருவேப்பிலை உருவிக்கொண்டே ஆடினாள். மதியம் உட்காரும் ஆளெல்லாம் தூங்கி விழுந்தார்கள். பாண்டி மட்டும் விழாமல் தூங்குவார், டிரைவர் அல்லவா. அவர் முறை முடிந்ததும் பின்லாந்திலிருந்து மிக்கோ மீனாளுக்குச் செய்தி அனுப்பினார். 'இப்போது உங்கள் பக்கம் இருந்தவர் மிகவும் அமைதியான மனிதர். அவரோடு ஆடியது மனதுக்கு நிறைவாக இருந்தது. அவர் தியானம் பயில்கிறவரா?' பாண்டியிடம் படித்துக் காட்டினேன். "ஆமான்னு போட்டு விடுங்க மேடம்" என்றார்.

ஆச்சி ஊஞ்சல் பக்கமே வரவில்லை. உட்கார்ந்திருப்பவர்களுக்கு மோர் அனுப்புவார், பலகாரம் அனுப்புவார், தூண் பக்கத்தில் நின்று பார்ப்பார். "நீங்களும் ஒருதரம் உக்காருங்க ஆச்சி" என்று கூப்பிட்டேன். "எனக்கு எதுக்கு ஸ்டெல்லா அதெல்லாம்" என்று போய்விட்டார். சமையலறையில் வெந்நீர் கொதிக்கிற சத்தத்தோடு சேர்த்து ஒருநாள் கேட்டார். "அந்த ஊரு ரொம்பக் குளிராமே. இவளுக்குக் கொஞ்சம் தண்ணி மாறுனாலே சளி புடிச்சுக்கும். வாரம் முழுக்க ஓடிருமா?" ஓட வேண்டும் என்று கேட்டாரா, நின்றுபோக வேண்டும் என்று கேட்டாரா என்று எனக்குப் புரியவில்லை. "ஓடிரும் ஆச்சி" என்றேன். "ம்" என்றார்.

வாரத்தின் நடுவில் பூகம்பம் ஒரு காரில் வந்து இறங்கியது. நெற்குப்பையிலிருந்து சாத்தப்பன் அண்ணன். அந்த வீட்டுப் பங்காளிகளில் மூத்தவர், மீனாளுக்குப் பெரியப்பச்சி. வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கையில் குடை. காரைக்குடி வீட்டு ஊஞ்சல் பேய் பிடித்துத் தானாக ஆடுகிறது என்று யாரோ அவருக்குப் போன் போட்டிருக்கிறார்கள். பங்காளிகள் சம்மதம் கேட்காமல் பொது வீட்டில் இது என்ன கூத்து, உடனே கழற்று என்று சொல்லத்தான் வந்திருந்தார். உத்தரத்தில் அவருக்கும் பங்கு இருக்கிறது, அவர் சொன்னால் கழற்றித்தான் ஆக வேண்டும். மீனாள் வெளிறிப்போய் நின்றாள்.

ஆனால் பாருங்கள், செட்டியார் வீட்டில் வந்தவரைச் சண்டைக்கு முன்னால் உட்கார வைத்தாக வேண்டும். "வாங்க, வாங்க, உக்காருங்க" என்றார் ஆச்சி. மூத்தவர் வந்தால் உட்காருகிற இடம் அந்த ஊஞ்சல்தான், அவர் பிறந்ததிலிருந்து அப்படித்தான். நேரே போய்ப் பலகையில் உட்கார்ந்தார். அங்கே முறைப்பணியில் இருந்த எலெக்ட்ரீஷியன் "பொறுப்பு ஒப்படைத்தேன்" என்று எழுந்து நின்றார். சாத்தப்பன் அண்ணன் அவரை ஒருமாதிரி பார்த்தார்.

"ஏம்மா மீனா, என்ன இது..." என்று தொடங்கினார். அதற்குள் பின்லாந்து நூலகத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் ஊஞ்சலைப் பிடித்துவிட்டது போல. பலகை வீசிப் பறந்தது. பெரியவர் குடையை விட்டுவிட்டுச் சங்கிலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நான் ஐயோ என்று கத்திவிட்டேன். போச்சு, எல்லாம் போச்சு என்று டைரக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆட்டம் கொஞ்சம் தணிந்தது. நான் பெரியவர் முகத்தைப் பார்த்தேன். அந்த மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"யாரு ஆட்டுறது?"

"பின்லாந்துல பிள்ளைக ஆடுறாக பெரியப்பச்சி" என்றாள் மீனாள்.

கொஞ்ச நேரம் ஆடினார். பிறகு, "அவுகளுக்குச் சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டார்.

மீனாள் போனில் மிக்கோவைக் கேட்டாள். பிள்ளைகள் இப்போதுதான் எழுந்து சாப்பிடப் போகிறார்களாம். சொல்லி வைத்தாற்போலப் பலகை அடங்கியது. பெரியவர் விடவில்லை, தாமே காலால் உந்தி ஆட ஆரம்பித்தார். விதிப்படி தவறு. யார் சொல்வது?

"நான் இப்ப ஆடுனா அங்குட்டு என்ன ஆகும்?"

"அங்க பலகை மட்டும் ஆடும் பெரியப்பச்சி."

"வெறும் பலகையா?" தூண் பக்கமிருந்து ஆச்சியின் குரல் வந்தது.

மீனாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆச்சி முன்னால் வந்தார். "அப்ப இத்தனை நாளா நாம இங்குட்டு ஆளைப் போட்டு ஆடிக்கிட்டு, அங்குட்டு ஆளில்லாத ஊஞ்சலை ஆட்டி விட்டிருக்கோம்? ஏண்டி, அவுகளும் பிள்ளை குட்டிக்காரவுகதான? நம்ம வீட்டுக்கு ஆகாதது அவுக வீட்டுக்கு மட்டும் ஆகுமா?"

"அது வீடு இல்ல ஆத்தா, லைப்ரரி."

"லைப்ரரிக்கு மட்டும் ஆகுமா?"

சாத்தப்பன் அண்ணன் ஆடுவதை நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டார். "உமையா சொல்றது சரிதான். அங்கயும் ஆளைப் போடச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் அசைய மாட்டேன்" என்றார். கழற்றச் சொல்ல வந்தவர் ஒரு சிற்றசைவுகூட இல்லாமல் சிலையாக உட்கார்ந்துவிட்டார்.

இப்படித்தான் ஓர் இந்திய ஆய்வு நிலையம், பின்லாந்து நூலகத்துக்கு, தங்கள் ஊஞ்சலில் எந்நேரமும் ஓர் ஆளை உட்கார வைக்கும்படி முறைப்படி வேண்டுகோள் அனுப்பியது. காரணம் என்று எதை எழுதுவது என்று டைரக்டர் தவித்தார். கடைசியில் 'தங்கள் குடும்பங்களின் நலன் கருதி' என்று எழுதச் சொன்னார். வெட்கமாக இருந்தது எனக்கு. பதில் ஒரே வரியில் வந்தது. 'புரிகிறது. உட்காருகிறோம்.'

உட்கார்ந்தார்கள். நம்மைவிட ஒழுங்காக உட்கார்ந்தார்கள். நூலகர்கள், பாதிரியார், தபால்காரர் என்று முறை வைத்து. இரண்டு பக்கமும் ஆள் என்றான பிறகு, யார் யாரை ஆட்டுகிறார்கள் என்று மீனாளின் கருவிக்கே தெரியவில்லை. பாதிரியார் ஆட்டினார் என்று நம் சரோஜாவும், சரோஜா ஆட்டினாள் என்று பாதிரியாரும் நினைத்துக்கொண்டார்கள். அவள் கணினித் திரையில் கோடுகள் மட்டும் ஒரு நொடி விடாமல் ஓடின. ஐனோ அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மீனாளிடம், "இது நான் நினைத்ததில்லை. நினைத்ததைவிட நன்றாக இருக்கிறது" என்றார். அந்த அம்மா ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

கடைசி நாள், ஊஞ்சல் இருந்த அதே முன்கூடத்தில் நிறைவு விழா. தலைமை விருந்தினர் வழியில் எங்கோ மாட்டிக்கொண்டார். நேரம் ஆகிவிட்டது, விழாவுக்கென்று மாட்டிய திரையில் பின்லாந்துக்காரர்கள் கோட்டு சூட்டோடு காத்திருக்கிறார்கள். டைரக்டர் பாண்டியைப் பார்த்தார். பாண்டி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தார். பின்லாந்தில் எழுந்து நின்று கைதட்டினார்கள். பாண்டியும் எழுந்து, பல வருஷ ஒத்திகையில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆன உரையை, இரு நாட்டு நல்லுறவிலிருந்து நன்றியுரை வரை, பிசிறில்லாமல் பேசி முடித்தார். உண்மையான விருந்தினர் வந்து சேர்ந்தபோது அவருக்குப் பேச எதுவும் பாக்கி இல்லை.

அடுத்தது ஊஞ்சலை நிறுத்துவது. ஆடிக்கொண்டிருக்கும்போது வயரைப் பிடுங்கக் கூடாது, மோட்டார் கெட்டுவிடும் என்றாள் மீனாள். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது, யார் முதலில் எழுவது? நாம் எழுந்தால் அவர்கள் அசைவில் நம் பலகை வெறுமனே ஆடும். அவர்கள் எழுந்தால் நம் அசைவில் அவர்களுடையது ஆடும். ஒரே நேரத்தில் எழ வேண்டும் என்றார் டைரக்டர். அவரே பலகையில் உட்கார்ந்துகொண்டார், திரையில் மிக்கோ. "மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று நான் கத்தினேன். டைரக்டர் எழுந்தார். படம் வந்து சேரத் தாமதம், மிக்கோ இன்னும் உட்கார்ந்திருப்பதாகத் தெரிந்தது. பதறிப்போய் டைரக்டர் திரும்ப உட்கார்ந்தார். அந்நேரம் அங்கே எழுந்த மிக்கோ, டைரக்டர் உட்கார்வதைப் பார்த்துவிட்டு மரியாதைக்கு அவரும் உட்கார்ந்தார். மறுபடி எண்ணினேன். மறுபடி இருவரும் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். கூட்டத்தில் ஆளாளுக்கு எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்கள், ஒருவரை ஒருவர் பார்த்து எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு தாங்காமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

அப்போது உமையாள் ஆச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "தள்ளுங்க சார்" என்றார். டைரக்டர் நகர்ந்தார். ஆச்சி பலகையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "பொறுப்பு ஒப்படைத்தேன்" என்று சொல்லிவிட்டு டைரக்டர் எழுந்தார். ஆச்சி பதில் சொல்லவில்லை.

அந்த வாரத்தில் ஆச்சி அதில் உட்கார்ந்தது அப்போதுதான். மிக்கோ அங்கே லேசாக ஆட்டினார், ஆச்சி இங்கே அசைந்தார். கண் திரையில் இருந்தது. நான் எண்ணத் தொடங்கினேன். ஆச்சி கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு ஸ்டெல்லா. நான் எந்திரிச்சா இதோட முடிஞ்சு போச்சுல்ல?"

"ஆமா ஆச்சி."

"முடிஞ்சா இவ போயிருவா."

மீனாள் பலகைக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து, "ஆத்தா, நீ வேணாம்னு சொன்னா நான் போகலை" என்றாள். அவள் அதை மனசாரத்தான் சொன்னாள். எழுந்திருக்காதீங்க ஆச்சி என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது, பொய் சொல்வானேன்.

ஆச்சி இன்னும் கொஞ்ச நேரம் ஆடினார். பிறகு திரையைக் காட்டி, "அவுகளை மொதல்ல எந்திரிக்கச் சொல்லு" என்றார்.

"ஏன் ஆத்தா? அங்க வெறும் பலகை ஆடுமே."

"ஆட விட மாட்டேன். அவுக எந்திரிக்கட்டும். நீ போயி உக்கார அங்குட்டு எடம் வேணாமா?"

ஐனோ மிக்கோவிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். மிக்கோ தயங்கி எழுந்து விலகி நின்றார். திரையில் அந்த வெறும் பலகை மெல்ல முன்னால் வந்தது. ஆச்சி இரண்டு காலையும் தரையில் அழுத்தி ஊன்றி, இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார். கை நரம்பு புடைத்துத் தெரிந்தது. அங்கே பலகை ஒரு தடவை திரும்பி வந்து, நின்றது.

"இப்ப வயரைப் புடுங்கு" என்றார் மகளிடம்.

மீனாள் அழுதுகொண்டே பிடுங்கினாள். மோட்டார் நின்ற பிறகும் ஆச்சி காலை எடுக்கவில்லை.